அகதி என்று பெயர் சூட்டிக்கொண்டவர்கள்

அகதி என்னும் சொல்லுக்குக் கதியற்றவர் என்பது பொருள். போக்கிடம் இன்றிப் புகலிடம் தேடி வந்தவர் என்று அதை விரித்துக் கூறலாம். சொல்லளவில் அது ஒருவருடைய நிலையைக் குறிப்பதே அன்றி, அவருடைய தகுதியைக் குறிப்பதன்று. ஆயினும் உலக வழக்கில் அது வசையாகவும் வழங்கி வருவதை நாம் காண்கிறோம். நிலை மாறிய பிறகும் சொல் மாறுவதில்லை. நிழல்போல் தொடர்ந்து வருகிறது. அப்படிப்பட்ட சொல்லையே தங்கள் இசைக்குழுவுக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டு, சில ஆண்டுகளே சேர்ந்து பாடிப் பிரிந்துபோன மூவரைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

அவர்கள் பாடியது ஹிப் ஹாப் என்னும் இசை. அதைக் கேட்டுப் பழகாத நேயர்களுக்காக ஒரு சிறு விளக்கம். 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11ஆம் நாள், நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஒரு விருந்து நடைபெற்றது. அங்கே இசைத்தட்டுக்களைச் சுழலவிட்டவர் கூல் ஹெர்க் என்பவர். ஜமைக்காத் தீவிலிருந்து சிறுவனாக வந்து குடியேறியவர். பாட்டு நின்று தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் இடத்தில்தான் கூட்டம் பேருவகையோடு ஆடுகிறது என்பதை அவர் கண்டுகொண்டார். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை வைத்துக்கொண்டு, அந்தச் சிறு பகுதியையே மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து நீட்டும் முறையை வளர்த்தார். அத்தகைய தாளத்தின்மேல் இயைபு அமையச் சொற்களை அடுக்கி விரைந்து பேசுவதே ராப் எனப்படுவது. கொன்னக்கோல் சொல்பவரின் வேகத்தையும், வில்லுப்பாட்டுக்காரர் ஊர்க்கதை சொல்லும் துணிவையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் அதன் இயல்பு ஒருவாறு விளங்கும்.

நான் கூறவந்த குழு நியூயார்க்கை அடுத்த நியூ ஜெர்ஸி மாநிலத்தில், 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாயிற்று. வைக்ளெஃப் ஜான் 1969இல் ஹைட்டி நாட்டில் பிறந்தவர். ஒரு கிறிஸ்தவப் போதகரின் மகன். ஒன்பது வயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். பிராஸ் மிஷேல், ஹைட்டியிலிருந்து வந்த பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். லாரின் ஹில் 1975இல் நியூ ஜெர்ஸியில் பிறந்த கறுப்பினப் பெண்மணி; ஹைட்டி மரபினர் அல்லர். இவர்கள் முதலில் வேறு பெயர் வைத்திருந்தார்கள். பின்னர் ஃப்யூஜீஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். அகதியைக் குறிக்கும் ரெஃப்யூஜீ என்ற ஆங்கிலச் சொல்லின் முன்பகுதியை நீக்கி, எஞ்சியதை எடுத்துக்கொண்டதால் வந்த பெயர் அது.

அந்தப் பெயரின் வலிமையை உணர வேண்டுமானால், அக்காலத்து அமெரிக்காவில் ஹைட்டியர் பட்ட பாட்டைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். 1957 முதல் 1986 வரை ஹைட்டியைத் துவாலியே குடும்பத்தினர், தந்தையும் மகனுமாக, கொடுங்கோல் செலுத்தி ஆண்டார்கள். ஏழை மக்கள் சிறு படகுகளில் ஏறி ஃபிளாரிடாக் கரையை நோக்கி வந்தார்கள். வந்த இடத்திலும் நிம்மதி கிடைக்கவில்லை. 1983இல் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு நிறுவனம், எய்ட்ஸ் நோய்க்கு இலக்காகக்கூடியவர்களின் பட்டியலில் ஹைட்டியர் என ஓர் இனத்தாரையே சேர்த்தது. 1985இல் அது நீக்கப்பட்டது. ஆயினும் 1990இல், ஹைட்டியர் இரத்ததானம் செய்யலாகாது என்று மற்றோர் அரசு நிறுவனம் அறிவித்தது. அதை எதிர்த்து நியூயார்க்கில் பல்லாயிரம் ஹைட்டியர் புரூக்ளின் பாலத்தின்மீது ஊர்வலம் சென்றார்கள். 1991 செப்டம்பரில் ஹைட்டியில் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. மீண்டும் படகுகள் புறப்பட்டன. வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் குவாண்டனாமோக் கடற்படைத் தளத்தில் அடைத்து வைக்கப்பட்டார்கள். 1992 மே மாதத்தில், நடுக்கடலில் பிடிபடுவோரை விசாரணையின்றியே திருப்பி அனுப்புமாறு உத்தரவு பிறந்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

இந்தச் சூழ்நிலையில்தான் இம்மூவரும், "ஆம், நாங்கள் அகதிகள்" என்று தாமே முன்வந்து கூறினார்கள். பிறர் கல்லாக எறிந்த சொல்லை எடுத்துத் தம் வீட்டு வாயிலில் பெயர்ப்பலகையாக மாட்டிவிட்டார்கள். அகதியாக வந்தவரல்லாத லாரின் ஹில்லும் அப்பெயரைத் தமதாக ஏற்றார் என்பதை நாம் கருத வேண்டும்.

1994இல் வெளிவந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டு பெரிய வரவேற்பைப் பெறவில்லை. அதில் அவர்கள் தங்கள் இயல்புக்கு மாறாக உரக்கக் கத்துவதுபோல எனக்குத் தோன்றும். அடுத்த முயற்சியில் பிறர் சொற்படி நடப்பதை விட்டார்கள். வைக்ளெஃபின் உறவினர் வீட்டு நிலவறையில் தாமே ஓர் ஒலிப்பதிவுக்கூடம் அமைத்துக்கொண்டார்கள். 1996 பிப்ரவரியில் தி ஸ்கோர் என்னும் இசைத்தட்டு அங்கிருந்து பிறந்தது. அமெரிக்காவில் மட்டும் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விலைபோயின. ராபர்ட்டா ஃபிளாக் 1973இல் புகழ்பெறச் செய்த பழைய பாடல் ஒன்றை லாரின் ஹில் அதில் பாடினார். தாளம் புதியது, உருக்கமோ பழையது. அந்த ஆண்டு பிரிட்டனில் மிகுதியாக விற்ற தனிப்பாடல் இசைத்தட்டு அதுவே.

குறையையும் சொல்லிவிட வேண்டும். அயர்லாந்துப் பாடகி என்யாவின் இசையொன்றை அவர்கள் உரிமை கேளாமலே ஒரு பாட்டில் எடுத்தாண்டார்கள். பின்னரே உடன்பாடு ஏற்பட்டது. பிறர் இசையிலிருந்து துண்டெடுத்துப் புதியது புனையும் இக்கலையில், கடனுக்கும் களவுக்கும் இடையே உள்ள வரப்பு மிக மெல்லியது.

1997 பிப்ரவரியில் இரண்டு கிராமி விருதுகள் வந்தன. ஏப்ரலில் ஹைட்டியின் தலைநகரான போர்ட்டோ பிரின்ஸில் சென்று பாடினார்கள். அகதியின் பெயரைத் தாங்கியவர்கள், அகதிகள் புறப்பட்ட மண்ணுக்கே விருந்தினராகத் திரும்பிய காட்சி அது. அந்த ஆண்டிலேயே குழு கலைந்தது. மனக்கசப்பும் தனித்துப் பாடும் வேட்கையும் சேர்ந்து அவர்களைப் பிரித்தன. லாரின் ஹில் 1998இல் தனித்து வெளியிட்ட இசைத்தட்டுக்கு 1999இல் ஐந்து கிராமி விருதுகள் கிடைத்தன. ஆண்டின் சிறந்த இசைத்தட்டு என்னும் விருது ஹிப் ஹாப் கலைஞர் ஒருவருக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை. பிற்காலத்தில் மூவரும் சிலமுறை ஒரே மேடையில் கூடினார்கள். ஆனால் மூன்றாவது இசைத்தட்டு வரவே இல்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. 2010இல் ஹைட்டியைப் பெரும் நிலநடுக்கம் அழித்த பிறகு, அந்நாட்டின் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட வைக்ளெஃப் முன்வந்தார். அவருடைய மனு தள்ளுபடியாயிற்று. ஐந்தாண்டு தொடர்ந்து நாட்டில் குடியிருந்திருக்க வேண்டும் என்னும் விதி குறுக்கே நின்றது. விதி நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் வந்த நாட்டில் அந்நியன், பிறந்த நாட்டில் குடியிராதவன் என்னும் இரண்டு நிலைகளுக்கும் நடுவில்தான் அகதியின் வாழ்வு அமைகிறது என்பதை அது எனக்கு உணர்த்தியது.

இரண்டே இசைத்தட்டுகளோடு முடிந்த குழுவைப் பற்றி இவ்வளவு பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு என் சொந்த வாழ்க்கையிலிருந்து விடை கூறுகிறேன். 1985இல், நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது, இலங்கையிலிருந்து படகில் வந்த ஒரு சிறுவன் எங்கள் வகுப்பில் சேர்ந்தான். கணக்கில் அவனே முதல்வன். எனினும் நாங்கள் அவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை; அகதி என்றே அழைத்தோம். அவன் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை, தலையைக் குனிந்துகொள்வான். மறு ஆண்டு அவன் வரவில்லை. எங்கே போனான் என்று நாங்கள் விசாரிக்கவும் இல்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் தி ஸ்கோர் இசைத்தட்டை முதன்முதலாகக் கேட்டபோது, அவன் முகமே என் நினைவில் எழுந்தது. அதே சொல்லைத் தலைநிமிர்ந்து சொல்லவும் முடியும் என்பதை அந்த மூவரும் காட்டினார்கள். அந்தச் சிறுவனுக்கு அப்படிச் சொல்ல ஒரு மேடை இல்லை. அவனைப் பெயர் சொல்லி அழைத்திருக்க எங்களுக்கு மேடை எதுவும் தேவைப்படவில்லை.