காணாக்கடி என்று விட்டுவிடாதீர்கள்

சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடித்து அரித்தால், காணாக்கடி என்று சும்மா இருந்துவிடுகிறோம். நாற்பது வருஷமாகச் சாப்பிட்ட இறாலும் கடலையும் ஐம்பதாவது வயதில் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நம்முடையது கடலை விளையும் மானாவாரிப் பூமி. கடலை ஆகாதவர்களில் சிலருக்கு வெந்தயமும் ஆகாது. நோன்புக் கஞ்சியில் வெந்தயம் உண்டே! அதனால், 'இதில் என்ன போட்டிருக்கிறது?' என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கல்யாணப் பந்தியில் ஒருவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். உபசாரம் என்று நாம் செய்கிற தவறு அது.

தடிப்போடு மூச்சு இறுகினால், குரல் கம்மினால், தலை சுற்றினால் மாத்திரை கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரட்டும், நடக்கவிடாதீர்கள். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் இதற்கு முதல் மருந்து.