அப்பிள்ளைக்கும் வகுப்பிலே இடமுண்டு
(புல்மோட்டையில் ஆற்றிய உரை)



காணி வழக்கைப் பற்றிப் பேசுவோமென்று எதிர்பார்த்து வந்த கமக்காரர்கள் மன்னிக்க வேண்டும். வலிப்பு நோயுள்ள பிள்ளைகளைப் பற்றிப் பேசவே இன்று வந்துள்ளோம்.

வலிப்பு பெரும்பாலும் இரண்டொரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. வகுப்பிலே ஒருமுறை விழுந்த பிள்ளையை, "வீட்டிலேயே வைத்திருங்கள்" என்று அனுப்பிவிட்டாலோ, அத்தண்டனை ஆயுள் முழுவதும் நீடிக்கிறது. அப்பிள்ளை செய்த குற்றமென்ன? மூளையின் மின்னியக்கத்திலே சிறிது நேரம் நேரும் குழப்பமே வலிப்பு. அது பேயுமன்று, சாபமுமன்று, தொற்று நோயுமன்று. பிறப்பின்போது மூளைக்கு நேர்ந்த ஊறு, மூளைக்காய்ச்சல், தலைக்காயம் ஆகியவை காரணமாகலாம். பலருக்குக் காரணம் புலப்படுவதேயில்லை. தலைக்காயத்தைப் பற்றி இவ்வூருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டு புதுமாத்தளனிலிருந்து கப்பலிலே கொண்டுவரப்பட்ட காயமுற்றோரைக் கண்ட கரை இது. அத்தகையோருக்கு ஆண்டுகள் கழிந்த பின்னரும் வலிப்புத் தோன்றலாம்.

உலகிலே ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. தக்க சிகிச்சை கிடைத்தால் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாமென்கிறது உலக சுகாதார நிறுவனம். 1912 முதல் இந்நோய்க்கு வழங்கிவரும் பீனோபார்பிற்றோன் விலை மலிந்த மருந்தே. ஆனால், பஸ் தவறியதென்றும் அறுவடை நாளென்றும் குளிசையை இடையிலே நிறுத்தினால், ஓயாத வலிப்பு வந்து உயிரையே பறிக்கக்கூடும். ஆகவேதான், திருகோணமலைக்கு அலையாமல் மாதந்தோறும் இவ்வூரிலேயே மருந்து தடையின்றிக் கிடைக்க வேண்டுமென்று கோருகிறோம். நூல் கட்டுவோரையும் தண்ணீர் ஓதிக் கொடுப்போரையும் நாம் பழிக்க வரவில்லை. குளிசையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

ஆசிரியர்களே, விழுந்த பிள்ளையின் வாயிலே கரண்டியும் கையிலே இரும்பும் திணிக்க வேண்டா. ஒருக்களித்துக் கிடத்தி, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் கடந்தால் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அதற்குள் அடங்கித் தெளிந்தால், இளைப்பாற விட்டு, மீண்டும் வகுப்பிலே இருத்துங்கள். களப்பிலும் கிணற்றடியிலும் மாத்திரம் தனியே விடாதீர்கள்.

சட்டமும் தவறுவதுண்டு. இந்தியாவிலே 1976ஆம் ஆண்டுத் திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பையும் ஒரு தடையாக எழுதிவைத்தது; 1999இல் அச்சொல்லை நீக்கினார்கள். கலியாணம் பேசுமிடத்திலே நாம் இன்னும் நீக்கவில்லை!

இந்நாட்டிலே 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். அனுப்பிய பிள்ளையைத் திருப்பியனுப்பினால், காரணத்தை எழுத்திலே கேளுங்கள். தர மறுத்தால் எம்மிடம் வாருங்கள். வலயக் கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதுவது எமது பொறுப்பு. அதற்குக் கூலி வாங்க மாட்டோம்.