மறைக்க வேண்டியதை மறைத்தல்



கணிப்பொறிக்கு ஆணையிடும் மென்பொருள் பல்லாயிரம் வரிகளாக விரியுங்கால், அதனை ஒருவரே எழுதி முடித்தல் அரிது. பகுதி பகுதியாகப் பிரித்தே பலரும் ஆக்குகின்றனர். எங்ஙனம் பிரிப்பது? மென்பொருட் கட்டமைப்பு ஆய்வின் வேராக நிற்கும் வினா இதுவே.

வேலை நடைபெறும் ஒழுங்கிலேயே பிரித்தல் இயல்பெனத் தோன்றும்: முதலிற் படித்தல், அடுத்து மாற்றுதல், பின்னர் வரிசைப்படுத்தல், இறுதியில் அச்சிடல். இம்முறையின் குறையை 1972-இல் டேவிடு பார்னாசு என்னும் அறிஞர் ஒரு கட்டுரையில் வெளிப்படுத்தினார்.

அவர் எடுத்துக்கொண்டது சிறியதொரு சொல்லடைவு நிரல். ‘கடல் மீன் வகைகள்’ என்னும் வரியை ‘மீன் வகைகள் கடல்’ என்றும், ‘வகைகள் கடல் மீன்’ என்றும் சுழற்றி, இவ்வாறு கிடைக்கும் வரிகளையெல்லாம் அகரவரிசையில் அடுக்குவது அதன் வேலை. அதனை அவர் இருவகையிற் பிரித்துக் காட்டினார். முதல் வகையில், வரிகள் நினைவகத்தில் வைக்கப்பட்ட முறையைப் பல பகுதிகளும் அறிந்திருந்தன. அம்முறையை மாற்றின் அவை அனைத்தையும் திருத்த வேண்டும். இரண்டாம் வகையில் அம்மறை ஒரு பகுதிக்கே தெரியும். ஏனையவை அதனிடம் கேட்டே பெறும். ஆகவே திருத்த வேண்டியதும் அவ்வொன்றே. மாறக்கூடிய முடிவு எதுவோ அதனை ஒரு பகுதிக்குள் மறைத்து வைக்க என்பதே அவர் கண்ட நெறி.

இந்நெறி போற்றப்படாதவிடத்து நேர்ந்தது யாது? நினைவகம் விலைமிக்கதாயிருந்த நாளில் ஆண்டினை ஈரிலக்கத்தாற் குறித்தனர். 1972 என்பது 72 ஆயிற்று. சிக்கனம் குற்றமன்று, அவ்வீரிலக்கத்தை நிரலின் மூலைமுடுக்கெல்லாம் அறியவிட்டதே குற்றம். 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது, 00 என்பதைக் கணிப்பொறி 1900 எனக் கொள்ளுமே என்று உலகம் அஞ்சியது. ஒரு முடிவை மாற்றக் கோடிக்கணக்கான வரிகளைத் துருவ நேர்ந்தது. பல்லாயிரங்கோடி அமெரிக்கத் தாலர் செலவாயிற்றென மதிப்பிட்டனர்.

1994-இல் நால்வர் இணைந்து வெளியிட்ட நூல் 23 வடிவமைப்புப் படிவங்களைத் தொகுத்தளித்தது. அவற்றுட் பலவற்றின் உயிரும், மாறுவதை மூடிவைத்தல் என்னும் இக்கருத்தே.

பிரித்தல் எளிது, எவ்விடத்துப் பிரிப்பது என்றறிதலே அரிது. நிரல் எழுதப்புகும் இளைஞர் முதலிற் கேட்க வேண்டுவது, இவ்வேலை எவ்வாறு நடக்கும் என்பதன்று. இதில் நாளை மாறப்போவது எது என்பதே!