நூற்றுக்கு நூறு வாங்கினால் நலமா?

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரின் கேஸ் ஷீட்டைப் புரட்டினால் ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, ஸ்கேன் முடிவு எல்லாம் இருக்கும். அவரால் சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, தானாகக் குளிக்கிறாரா, வீட்டுக்குப் போனால் மாத்திரையை நேரத்துக்கு எடுத்துப் போட்டுக்கொள்வாரா? இந்தக் கேள்விகளும் மருத்துவக் கணக்கில் ஏறியதற்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு கட்டடக் கலைஞர் வருகிறார், ஒரு யுத்தம் வருகிறது, நம் வேலூரும் வருகிறது.

கட்டடக் கலைஞரின் பெயர் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன், அமெரிக்கர். காசநோய் அவரைப் பல ஆண்டுகள் படுத்தி எடுத்தது. கொலராடோ பக்கம் வேலையாகப் போனபோது குளிரில் இடது பாதம் உறைந்து அழுகிப்போக, ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதோடு விடவில்லை, உடம்பின் இடப்பக்கமே செயலிழந்தது. நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூருக்குச் சிகிச்சைக்கு வந்தவர், 1914-ல் அங்கேயே ஒரு வீட்டை வாங்கி அதற்கு ‘கன்சொலேஷன் ஹவுஸ்’ என்று பெயர் வைத்தார். ஆறுதல் இல்லம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்த கொட்டகையைத் தச்சுப் பட்டறையாக்கினார், தோட்டம் போட்டார். ரம்பம் பிடிப்பது, மண்ணைக் கொத்துவது என்று செயலிழந்த பக்கத்துக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்தச் சோதனைக்கு முதல் நோயாளியும் அவர்தான், மேற்பார்வையாளரும் அவர்தான். உடம்பு தேறியது.

1917 மார்ச் 15 முதல் 17 வரை அந்த வீட்டில் ஆறு பேர் கூடினார்கள். பார்ட்டன், அவருடைய செயலாளர் இசபெல் நியூட்டன், மனநல மருத்துவர் வில்லியம் ரஷ் டன்ட்டன், சிகாகோவிலிருந்து எலினார் கிளார்க் ஸ்லேகிள், கைவினை ஆசிரியை சூசன் காக்ஸ் ஜான்சன், கனடாவிலிருந்து தாமஸ் கிட்னர். அன்றாடக் காரியங்களைச் செய்யவைத்தே நலத்தை மீட்கும் இந்தச் சிகிச்சை, ஆக்குபேஷனல் தெரபி என்ற தொழிலாகச் சங்கம் வைத்துக்கொண்டது அங்கேதான். படுக்கையில் இருப்பவர்களுக்கு வேலை கொடுப்பது பற்றி 1910-லேயே புத்தகம் எழுதியிருந்த நர்ஸ் சூசன் ட்ரேசியால் வர முடியாமல் போனது.

மூன்றே வாரத்தில், ஏப்ரல் 6-ஆம் தேதி, அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. கை கால் போனவர்களும் மனம் கலங்கியவர்களுமாகச் சிப்பாய்கள் ஆஸ்பத்திரிகளை நிறைத்தார்கள். அவர்களுக்குக் கூடை முடையவும் தறி நெய்யவும் மரவேலை செய்யவும் கற்றுக்கொடுக்க இளம்பெண்கள் படைப்பிரிவு போலத் திரட்டப்பட்டார்கள். தொழில் வளர்ந்தது. கூடவே ‘கூடை முடையச் சொல்கிறவர்கள்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் இன்னும் முழுசாகப் போகவில்லை என்பது என் எண்ணம்.

கூடைக்குப் பின்னால் ஒரு கருத்து இருந்தது. பால்ட்டிமோரில் இருந்த மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர் அதை 1921-ல் ஒரு உரையில் விளக்கினார். வேலை, விளையாட்டு, ஓய்வு, தூக்கம் ஆகியவை ஒரு தாளத்தில் அமைய வேண்டும். மனநோயில் குலைவது அந்தத் தாளம். திரும்பவும் செய்து பழகித்தான் அதை மீட்க முடியும் என்றார். ஸ்லேகிள் அவரிடம் வேலை பார்த்தவர். நாள்பட்ட மனநோயாளிகளுக்குக் காலையில் எழுவது, பல் துலக்குவது, உடுத்துவது தொடங்கி இரவு படுக்கும்வரை ஒவ்வொன்றையும் பழக்கிக் கொடுத்தார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பலிக்கிறது என்பதற்கு ஆதாரம்? அடுத்த நாற்பது ஆண்டுக்கு யாரிடமும் உருப்படியான பதில் இல்லை. 1961-ல் மேரி ரெய்லி என்ற தெரபிஸ்ட் தன் துறையினரின் மேடையிலேயே இந்தக் கேள்வியை எடுத்தார். மனிதன் மனதும் உறுதியும் சேரத் தன் கைகளால் செய்யும் வேலை, அவன் உடல்நலத்தையே மாற்ற முடியும் என்பதை நம்பிக்கையாக வைத்திருக்காமல் சோதித்துப் பார்க்க வேண்டிய கருதுகோளாக முன்வைத்தார்.

இதற்குள் துறை இந்தியாவுக்கு வந்திருந்தது. அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இங்கேயே தங்கிவிட்ட கமலா நிம்ப்கர், 1950-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பள்ளியைத் தொடங்கினார். 1952-ல் இந்தத் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பு அமைந்தபோது தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

அதே காலத்தில் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைசிகிச்சை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்துகிற நுட்பமான வேலை. விரல் நீண்டது, பிடி வந்தது. மருத்துவக் கணக்கில் வெற்றி. ஆனால் ஊருக்குப் போன நோயாளிகள் இளைத்துத் திரும்பி வந்தார்கள். கை மடங்கியிருந்தபோது இரக்கப்பட்டுக் காசு போட்டவர்கள் இப்போது போடுவதில்லை. தொழுநோய் வந்தவன் என்று வேலை கொடுப்பாரும் இல்லை. பிச்சை எடுக்க இந்தக் கை உதவவில்லை என்று மருத்துவரிடமே முறையிட்டார்கள். 1951-ல் சி.எம்.சி. வளாகத்தில் ‘நவ ஜீவ நிலையம்’ பிறந்ததற்கு இது ஒரு காரணம். சின்னக் குடிசைகள், ஒரு பட்டறை. அங்கே நோயாளிகள் மரப் பொம்மைகள் செய்யக் கற்றார்கள். உணர்ச்சியற்ற கையில் உளி பிடித்தால் எங்கே புண் வருகிறது, அதை எப்படித் தவிர்ப்பது என்பதையும் அங்கேதான் கவனித்துக் கற்றுக்கொண்டார்கள். பிராண்ட் இளமையில் லண்டனில் கட்டட வேலையும் தச்சும் பழகியவர் என்பது இங்கே பிரயோஜனப்பட்டது.

வேலூரில் கண்ணால் பார்த்ததை எண்ணால் எப்படிக் காட்டுவது? 1963-ல் கிளீவ்லாந்தைச் சேர்ந்த சிட்னி கட்ஸ் ஒரு வழி சொன்னார். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களை அவரும் குழுவும் கவனித்தார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறு காரியங்கள். இவை மீளும்போது ஒரு வரிசை இருந்தது. சாப்பிடுவது முதலில் வரும், குளிப்பது கடைசியில். குழந்தை ஒவ்வொன்றாகக் கற்கும் வரிசையும் ஏறக்குறைய அதுதான் என்று கட்ஸ் எழுதினார்.

1965-ல் மேரிலாந்திலிருந்து இன்னொரு அளவுகோல் வந்தது, பார்த்தெல் அட்டவணை. இன்றைக்கும் உலகமெங்கும் பயன்படுகிறது. நூறு மதிப்பெண். அதைப் போட்டவர்களே ஒரு எச்சரிக்கையும் சேர்த்திருந்தார்கள்: நூறு வாங்கியவர் தனியாக வாழ முடியும் என்று நினைத்துவிடாதீர்கள், அவரால் சமைக்கவோ வீட்டைப் பார்த்துக்கொள்ளவோ வெளியாட்களோடு பழகவோ முடியாமல் இருக்கலாம்.

அந்த ஓட்டையை அடைக்க 1969-ல் லாட்டனும் பிராடியும் எட்டு காரியங்கள் கொண்ட பட்டியலைத் தந்தார்கள். போன் பேசுவது, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, வண்டி வாகனத்தில் போய்வருவது, மருந்து, பணவரவு செலவு. இதில் ஒரு வேடிக்கை. ஆண்களுக்கு மதிப்பெண் போடும்போது சமையல், வீட்டு வேலை, துணி மூன்றையும் விட்டுவிட்டார்கள். மனைவி போன பிறகு சோற்றுக்கு வழியில்லாமல் நிற்கிற தாத்தாவும் அந்தக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். 2001-ல் உலக சுகாதார நிறுவனம் தன் வகைப்பாட்டில் வாழ்க்கைச் சூழலில் பங்கேற்பதையே உடல்நலத்தின் ஒரு கூறாகச் சேர்த்தது. காகிதத்திலாவது பேச்சு முடிந்தது.

சரி, ரெய்லியின் கருதுகோள் என்ன ஆயிற்று? அதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் போக வேண்டும். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஃபுளோரன்ஸ் கிளார்க்கும் குழுவும், பிறர் துணையின்றித் தங்களைப் பார்த்துக்கொள்ளும் 60 வயதுக்கு மேற்பட்ட 361 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். பெரும்பாலோர் வருமானம் குறைந்தவர்கள், பல இனத்தவர்கள், சீன மொழி பேசுவோரும் உண்டு. ஒரு பிரிவுக்கு எதுவும் இல்லை. இன்னொரு பிரிவுக்குக் கைவினை, சினிமா, சுற்றுலா, விளையாட்டு என்று நல்ல பொழுதுபோக்கு. மூன்றாவது பிரிவுக்கு ஒன்பது மாதம் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள். அவர்கள் வேலையெல்லாம் இப்படித்தான்: பேருந்தில் எந்த வழித்தடத்தில் போவது, மூட்டுவலியோடு வீட்டு வேலையை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது, இருட்டிய பிறகு வெளியே பத்திரமாகப் போவது எப்படி. பேசுவதோடு நில்லாமல் சேர்ந்து போய்ச் செய்தும் பார்த்தார்கள்.

1997-ல் முடிவு வெளியானது. உடல், மனம், வாழ்க்கைத் திருப்தி எனப் பல அளவுகளில் மூன்றாவது பிரிவு முந்தியது. எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது பொழுதுபோக்குப் பிரிவின் கதி. எதுவுமே பெறாதவர்களைவிட அவர்கள் மேலாக இல்லை. ‘முதியவர்களைச் சும்மா ஏதாவது செய்யச் சொல்லுங்கள், நல்லது’ என்று நாம் போகிறபோக்கில் சொல்கிறோமே, அதற்கு இது அடி. பார்ட்டன் ரம்பம் பிடித்ததும், யாரோ ஒருவருக்கு நேரம் போகக் கூடை முடையக் கொடுப்பதும் ஒன்றல்ல.

கதை இதோடு முடிந்திருந்தால் சந்தோஷம்தான். 460 பேரை வைத்துச் செய்த இரண்டாம் ஆய்விலும் மனநலம், வாழ்க்கைத் திருப்தி, உடல்வலி போன்றவற்றில் பலன் தெரிந்தது. ஆனால் அளவு சிறியது, உடல் இயக்கத் திறனில் மாற்றமில்லை. இதைத் தழுவி பிரிட்டனில் 288 முதியவர்களுடன் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில் குறிப்பிடும்படி வித்தியாசமே இல்லை. டிமென்ஷியா ஆய்விலும் இதே கதை: நெதர்லாந்தில் மாட் கிராஃப் குழு வீட்டுக்கே போய் ஐந்து வாரத்தில் பத்து முறை பயிற்சி கொடுத்ததில் நோயாளியும் கவனிப்பவரும் நன்றாகத் தேறினார்கள். 2006-ல் அது பெரிய செய்தி. ஜெர்மனியில் திரும்பச் செய்தபோது, ஒரே ஒருமுறை வீட்டுக்கு வந்து ஆலோசனை சொன்னதற்கும் பத்து முறை வந்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பிரிட்டன் ஆய்வாளர்கள் தங்கள் பக்கம் ஒரு காரணம் சொன்னார்கள்: சேர்ந்தவர்கள் ஏற்கெனவே மனநலம் நன்றாக இருந்தவர்கள், உயர இடமே குறைவு. லாஸ் ஏஞ்சலிஸில் சேர்ந்தவர்களுக்குப் பேருந்து வழித்தடம் தெரிவதே வாரத்தை மாற்றிவிடும். அப்படியானால் யாருக்கு இது உதவும், அவர்களை எங்கே போய்த் தேடுவது என்பதுதான் இந்தத் துறை இப்போது மல்லுக்கட்டும் கேள்வி. ஆய்வுக்குத் தானாக வந்து பெயர் கொடுக்கிற முதியவர், அநேகமாகத் தானாகக் கடைக்கும் போய்வருகிறவர்.