முகமும் கிலுகிலுப்பையும்

(தென்காசியில் தாய்மார் கூட்டத்தில் நாங்கள் ஆற்றிய உரை)



"பச்சைப்பிள்ளைக்குக் கண் தெரியாது, நாள் போகட்டும்" என்று இந்தப் பக்கத்தில் பலர் சொல்லக் கேட்கிறோம். அப்படியல்ல. பால் குடிக்கையில் தாயின் முகம் இருக்கும் தூரம் ஓர் அடிக்குள்தான். அந்தத் தூரம் பிறந்த பிள்ளைக்கும் மங்கலாகத் தெரியும். பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தைகளுக்கு 1975-ல் அமெரிக்காவில் படங்களைக் காட்டினார்கள். கண்ணும் மூக்கும் வாயும் இடம் மாறிக் கிடந்த படத்தைவிட, ஒழுங்கான முகப் படத்தையே பிள்ளைகள் அதிகமாகத் தொடர்ந்து பார்த்தன.

1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். தாயின் முகத்தையும் அந்நியர் முகத்தையும் காட்டினார்கள். பழகிய பொம்மையையும் புதிய பொம்மையையும் காட்டினார்கள். இரண்டிலும் பழகியது எது, புதியது எது என்று மூளை பிரித்தறிந்தது. ஆனால் முகத்தைக் கண்டபோது எழுந்த ஓர் அலை, பொம்மைக்கு எழுந்ததைவிட முந்திக்கொண்டது. அம்பாசமுத்திரத்துச் சொப்பு எவ்வளவு அழகானாலும் முகத்துக்குப் பிறகுதான்!

இதை ஏன் இங்கே சொல்லுகிறோம்? சில பிள்ளைகள் கண்புரையோடு பிறக்கின்றன. அப்படிப் பிறந்து, சில மாதங்களில் அறுவை சிகிச்சை பெற்றவர்களைக் கனடாவில் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்து, 2001-ல் எழுதினார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பார்வையோடு வாழ்ந்தும், கண்களுக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளியில் சிறு வித்தியாசமுள்ள முகங்களைப் பிரித்தறிய அவர்கள் தடுமாறினார்கள். 2003-ல் இன்னொன்றும் தெரிந்தது. இடது கண்ணில் புரை இருந்தவர்களுக்கே இந்தக் குறை. வலது கண்ணில் மட்டும் இருந்தவர்களுக்கு இல்லை. சிசுப்பருவத்தில் இடது கண் பார்ப்பது பெரும்பாலும் மூளையின் வலப்பக்கத்துக்கே போகிறது. முகங்களை அறிவதில் முக்கியமானது அந்தப் பக்கம்தான்.

காலம் கடந்தவர்களுக்கு வழியே இல்லையா? உண்டு. டெல்லியில் பேராசிரியர் பவன் சின்ஹாவின் 'பிரகாஷ்' திட்டத்தில் வளர்ந்த பிறகு பார்வை பெற்ற பிள்ளைகள், முகம் எது, முகமல்லாதது எது என்று சில மாதங்களில் கற்றுக்கொண்டதை 2017-ல் வெளியிட்டார்கள். ஆனாலும் முந்துவதே நல்லது. அடர்ந்த புரை ஒரு கண்ணில் என்றால் ஆறு வாரத்துக்குள், இரு கண்ணிலும் என்றால் இரண்டு மாதம் வாக்கில் சிகிச்சை நடப்பது உத்தமம். பிறகு கண்ணாடியும் விடாமல் போடவேண்டும்.

பிள்ளையின் கண்மணி நடுவில் வெள்ளை தெரிந்தால் புரையாக இருக்கலாம், வேறு கடுமையான நோயாகவும் இருக்கலாம். மை போட்டு மறைக்காதீர்கள். திருநெல்வேலியில் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. பஸ் ஏறினால் போய்விடலாம்.

குற்றாலச் சாரலுக்குப் பயந்து பிள்ளையைத் தலையோடு மூடுகிறோம். மூடுங்கள், பால் கொடுக்கும்போது மட்டும் முகத்துணியை விலக்கிவிடுங்கள். கைப்பிள்ளையோடு வந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் சற்று இருங்கள், ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணைப் பார்த்து அனுப்புகிறோம்.