கல்லீரற் புற்றும் ஆறுமாதச் சோதனையும்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

கல்லீரலிற் புற்று உண்டாகுங்கால் ஆரம்பத்தில் பெரும்பாலும் யாதொரு குறியுந் தோன்றாது. காமாலையும் வயிற்றுவீக்கமுங் கண்டு வைத்தியரிடம் ஓடுங்கால் பலருக்குக் காலங் கடந்துவிடுகின்றது. ஆதலின் நோயை நாமே முந்தித் தேடுதல் வேண்டும்.

எல்லோருக்கும் இது வேண்டுவதில்லை. மதுவினாலோ, கொழுப்பினாலோ, வைரஸ் கிருமியினாலோ ஈரல் தழும்பேறிச் சுருங்கினோரும், ஹெபடைடிஸ் பி கிருமியை நெடுங்காலமாக உடையோரிற் பலரும் ஆறு மாதத்திற்கொருமுறை அல்ட்ராசவுண்டு பரிசோதனை செய்துகொள்ளல் அவசியம்.

சீனத்து ஷாங்காய் நகரில் 1993 முதல் இத்தகையோர் 18,816 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றாரை மட்டும் இவ்வண்ணம் இரத்தப் பரிசோதனையுடன் சோதித்தனர். பலர் ஒழுங்காக வராதிருந்தும், அக்கூற்றில் இந்நோயால் மாண்டோர் விகிதம் நூற்றுக்கு 37 பங்கு குறைந்ததென 2004-இல் வெளியிட்டனர்.

வைத்தியர்கள் இதனை அறியாரோ எனின், அறிந்தோர் பலர். தவறாது செய்விப்போர் சிலர். கூட்டமிகுதியால் அன்றைய உபாதையைக் கவனிப்பதிலேயே பொழுது கழிகின்றது. குடும்ப வைத்தியர் நிபுணர் பார்ப்பாரென்றும், நிபுணர் அவர் பார்ப்பாரென்றும் இருந்துவிடுதலும் உண்டு. சாதாரண ஈரல் இரத்தப் பரிசோதனை சரியாயிருத்தலே புற்றின்மைக்குச் சான்றாகாது.

நம்மவரோ குடிப்பழக்கத்தைக் குலமானங் கருதி வைத்தியரிடமும் மறைக்கின்றனர். மறைத்த மானம் உயிரைக் காவாது. உண்மையை உரைத்து, “எமக்கு இச்சோதனை வேண்டுமா? அடுத்தது எந்நாள்?” என்று கேட்டு, அந்நாளை வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைப்போமாக.