மரபணு மாற்றிய பன்றியும் மறைக்காத தோல்வியும்

தலைமையுரை நீண்டால் முதல் அமர்வு மதிய உணவோடு மோதும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நேரே பொருளுக்கு வருகிறேன்.

2022 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில், மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், 57 வயது நோயாளி ஒருவருக்குப் பன்றியின் இதயம் பொருத்தப்பட்டது. மனித இதயத்துக்கான பட்டியலில் அவரைச் சேர்க்க முடியவில்லை. செயற்கை இதயக் கருவியும் அவருக்கு ஒத்துவராது என்று முடிவாகியிருந்தது. முந்தைய டிசம்பர் 31 அன்றுதான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கருணை அடிப்படையில் அனுமதி தந்தது. பார்ட்லி கிரிஃபித் அறுவை சிகிச்சை செய்தார். அதற்கு அடித்தளமான ஆய்வுகளைப் பல ஆண்டுகள் நடத்தியவர் முகமது மொஹியுதீன். நோயாளி இரண்டு மாதம் வாழ்ந்து மார்ச் 8 அன்று இறந்தார்.

உலகம் கொண்டாடியது அந்த அறுவையை. நான் மதிப்பது, அதே குழு 2023இல் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரையை. ஏறத்தாழ ஏழு வாரம் ஒழுங்காக இயங்கிய இதயம் பிறகு ஏன் தடித்து இறுகிப்போனது என்பதை அவர்கள் அதில் வரிசைப்படுத்தினார்கள். இரத்தக் குழாய்களின் உட்சுவர் சேதமாகியிருந்தது. சிகிச்சைக்காக ஏற்றிய எதிர்பொருள் மருந்தே உறுப்பைத் தாக்கியிருக்கலாம் என்ற ஐயத்தையும் எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகளிடம் காணப்படும் சைட்டோமெகலோ வைரஸ் அந்த இதயத்தோடு கூடவே வந்திருந்தது. பன்றியின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் அது தென்படவில்லை, உடலுக்குள் பதுங்கியிருந்தது.

இதில் வேதனை என்னவென்றால், அந்த வைரஸைப் பற்றிய எச்சரிக்கை ஏற்கெனவே அச்சில் இருந்தது. பபூன் குரங்குகளுக்குப் பன்றி இதயம் பொருத்தி 195 நாள் வரை உயிரோடு வைத்திருந்ததை 2018இல் அறிவித்தது மியூனிக் நகரில் புரூனோ ரெய்ஷார்ட்டின் குழு. அந்தச் சோதனைகளை ஆராய்ந்த யோவாகிம் டென்னரும் சகாக்களும், வைரஸ் தொற்றிய இதயம் பெற்ற குரங்குகளின் ஆயுள் வெகுவாகக் குறைகிறது என்று 2020இலேயே வெளியிட்டுவிட்டார்கள். எச்சரிக்கை இருந்தது; அதைப் பிடிக்கும் சோதனை போதவில்லை. பால்டிமோர் குழு அதை ஒளிக்காமல் எழுதியதால், பன்றிகளைச் சோதிக்கும் முறை இன்று உலகெங்கும் கடுமையாகியிருக்கிறது.

தோல்வியை ஒளிக்காமல் எழுதித்தான் இந்தத் துறை முன்னேறியிருக்கிறது என்பது என் துணிபு. இன்று நான் சொல்ல வந்ததும் அதுதான்.

1963, 64ஆம் ஆண்டுகளில் நியூ ஆர்லியன்ஸில் கீத் ரீம்ட்ஸ்மா சிம்பன்சியின் சிறுநீரகங்களை நோயாளிகளுக்குப் பொருத்தினார். டயாலிசிஸ் எளிதில் கிடைக்காத காலம். பெரும்பாலோர் சில வாரங்களில் இறந்தார்கள். ஒருவர் மட்டும் ஒன்பது மாதம் வாழ்ந்தார். 1984இல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் லெனார்ட் பெய்லி ஒரு பச்சிளம் குழந்தைக்குப் பபூனின் இதயத்தைப் பொருத்தினார். குழந்தை மூன்று வாரம்கூட முழுதாக வாழவில்லை. பெற்றோரிடம் பெற்ற ஒப்புதல் எத்தகையது, மனித இதயம் தேடிப்பார்க்கப்பட்டதா என்று அன்று எழுந்த கேள்விகள்தாம் இன்றைய ஒப்புதல் படிவங்களை வடித்தன.

நம் நாட்டுக்கும் இந்த வரலாற்றில் ஒரு பக்கம் உண்டு. 1997 ஜனவரியில், குவாஹாத்தியை அடுத்த சோனாப்பூரில், தனிராம் பருவா என்ற அறுவை மருத்துவர் 32 வயது நோயாளிக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினார். ஒரு வாரத்தில் நோயாளி இறந்தார். பருவா கைதாகி 40 நாள் சிறையில் இருந்தார். அது நெறிமுறைக்கு மாறான செயல் என்றது அசாம் அரசின் விசாரணை. பால்டிமோர் செய்தி வந்தபோது, 'நம்மவர் 25 ஆண்டுக்கு முன்பே செய்துவிட்டார், அவரைச் சிறையில் தள்ளினோமே' என்று பலர் ஆதங்கப்பட்டார்கள். அந்த ஆதங்கத்தில் எனக்குப் பங்கில்லை. பருவாவின் துணிச்சலைக் குறை சொல்லவில்லை. ஆனால் என்ன மருந்து கொடுத்தார், எந்த நாளில் எது பழுதானது, பன்றி எத்தகையது என்று பிறர் சோதித்து அறியத்தக்க பதிவு நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு மனித உயிர் போயிற்று. அதிலிருந்து அடுத்த நோயாளிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

இனி பன்றிக்கு வருவோம். குரங்கை விட்டுப் பன்றிக்கு ஏன் தாவினார்கள்? குரங்கு நமக்கு நெருங்கிய உறவு என்பதே இடைஞ்சல்; அதன் வைரஸ்கள் நம்மிடம் எளிதில் குடியேறும். பன்றி அப்படியல்ல. நான்கு மாதத்துக்குள் ஈனும், ஒரே ஈற்றில் பல குட்டி, உறுப்புகளின் அளவும் மனிதருக்கு ஏறக்குறையப் பொருந்தும். தடை ஒரு சர்க்கரை வடிவில் இருந்தது. ஆல்ஃபா-கேல் என்ற அந்தச் சர்க்கரை பன்றியின் செல்களின் மேற்பரப்பில் உண்டு; நம்மிடம் இல்லை. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களிடம் அது இருப்பதால் சிறுவயது முதலே அதற்கு எதிர்பொருள் தயாரித்து வைத்திருக்கிறோம். மாற்றம் செய்யாத பன்றி உறுப்பைப் பொருத்தினால் சில நிமிடங்களிலோ மணிகளிலோ அது கறுத்துச் செத்துவிடும்.

2000 மார்ச்சில் வர்ஜீனியாவின் பிளாக்ஸ்பர்க்கில் ஐந்து குளோனிங் பன்றிக்குட்டிகள் பிறந்தன. டாலி ஆட்டை உருவாக்குவதில் பங்காற்றிய பிபிஎல் தெராப்யூட்டிக்ஸ் நிறுவனத்தின் வேலை அது. குட்டிகளுக்கு மில்லி, கிறிஸ்டா, அலெக்சிஸ், கேரல், டாட்காம் என்று பெயர் சூட்டினார்கள். கிறிஸ்டா, முதல் மனித இதய மாற்றுச் சிகிச்சை செய்த கிறிஸ்டியான் பர்னார்டின் பெயரால். அலெக்சிஸும் கேரலும், இரத்தக் குழாய்களைத் தைக்கும் கலையைத் தந்த அலெக்சிஸ் கேரலின் நினைவாக. டாட்காமுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டின் பங்குச் சந்தையை அறிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம். குளோனிங் கைவந்ததும் அந்தச் சர்க்கரையை உண்டாக்கும் மரபணுவை அணைத்த பன்றிகள் அடுத்த சில ஆண்டுகளில் பிறந்தன.

பால்டிமோருக்குப் போன பன்றியில் பத்து மாற்றங்கள். பன்றியின் நான்கு மரபணுக்கள் அணைக்கப்பட்டன: மூன்று, நம் எதிர்பொருள்கள் குறிவைக்கும் சர்க்கரைகளுக்கானவை, நான்காவது, மனித மார்புக்குள் போன பின்னும் இதயம் வளர்ந்துகொண்டே போகாமலிருக்க. ஆறு மனித மரபணுக்கள் சேர்க்கப்பட்டன. இரத்தம் உறைவதையும் எதிர்ப்பாற்றலின் தாக்குதலையும் தணிப்பவை அவை. ஈஜெனெசிஸ் என்ற மற்றொரு நிறுவனம் 69 மாற்றங்கள் வரை போனது. அவற்றில் 59, பன்றியின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக ஒட்டியிருக்கும் ரெட்ரோ வைரஸ்களைச் செயலிழக்கச் செய்வதற்கு. அந்த வைரஸ்கள் சோதனைத் தட்டில் மனித செல்களைத் தொற்றும் என்று 1997இல் ராபின் வைஸின் குழு காட்டியதும் துறையே திகைத்து நின்றது. நோயாளிகளிடம் இதுவரை அந்தத் தொற்று கண்டறியப்படவில்லை. 59 மாற்றங்களும் தேவைதானா என்பது பிற்பகல் அமர்வில் அனல் பறக்கப்போகும் விவாதம். அதில் நான் தலையிடவில்லை.

சிறுநீரகத்தில் கதை சற்று நம்பிக்கை தருகிறது. 2021 செப்டம்பரில் நியூயார்க்கில் ராபர்ட் மாண்ட்கோமரி, மூளைச்சாவு அடைந்தவரின் உடலில், குடும்பத்தின் ஒப்புதலோடு பன்றிச் சிறுநீரகத்தை இணைத்துப் பார்த்தார். 2024 மார்ச்சில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 62 வயதுக்காரர் ஒருவர் பன்றிச் சிறுநீரகம் பெற்றார். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் அவர் இறந்தார். மரணத்துக்குக் காரணம் நிராகரிப்பு அல்ல, ஏற்கெனவே பழுதடைந்திருந்த அவருடைய சொந்த இதயம். அந்த ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் அலபாமாவைச் சேர்ந்த ஒரு பெண்மணிக்குப் பொருத்தினார்கள். 1999இல் தன் தாய்க்குச் சிறுநீரகம் கொடுத்தவர் அவர். பிறகு மிஞ்சிய ஒன்றும் பழுதாகி டயாலிசிஸில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர். 130 நாள் அந்த உறுப்பு உழைத்தது. ஒரு தொற்றுக்காக எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் குறைத்தார்கள், உடல் உறுப்பை நிராகரித்தது, எடுக்க வேண்டியதாயிற்று. 2025 ஜனவரியில் பாஸ்டனில் பொருத்திய மற்றொரு சிறுநீரகம் 271 நாள் நின்றது. அதே ஆண்டு முறையான மருத்துவ ஆய்வுகளுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இங்கே ஒப்புதல் என்ற சிக்கலில் சற்று நிற்க விரும்புகிறேன். மருத்துவ ஆய்வில் சேர்ந்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது ஹெல்சிங்கி பிரகடனம் தந்த உரிமை. பன்றி உறுப்பு பெற்றவருக்கு அந்த உரிமை முழுதாக இல்லை. புதிய தொற்று ஒன்று அவர் வழியாகச் சமூகத்துக்குள் வரக்கூடும் என்பதால் வாழ்நாள் முழுவதும் கண்காணிப்பு. இரத்தம் கொடுக்கக் கூடாது. நெருங்கிப் பழகுபவர்களுக்கும் கட்டுப்பாடு. அவருடைய இரத்த மாதிரிகளைப் பல பத்தாண்டுகள் சேமித்து வைக்கச் சொல்கின்றன அமெரிக்க வழிகாட்டுதல்கள். உறுப்பை எடுத்துவிட்டாலும் கண்காணிப்பு முடிவதில்லை. அப்படியானால் வேறு வழியின்றிக் கையெழுத்திடுபவரிடம், 'உங்கள் மனைவி மக்களும் இதில் கட்டுப்படுகிறார்கள்' என்று யார், எந்த மொழியில், எவ்வளவு நேரம் உட்கார்ந்து சொல்வது? வெளிநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு மூன்று நிமிடம் ஒதுக்கும் நாட்டில் இந்தக் கேள்வி இன்னும் கனக்கிறது.

பன்றியைப் பற்றியும் ஒரு சொல். கிருமியற்ற வளாகத்தில் வளர்க்கவேண்டிய குட்டியை அறுவை செய்து எடுத்து, தாயிடம் விடாமல் வளர்க்கிறார்கள். கூட்டமாக வாழும் புத்திசாலி விலங்குக்கு அது கொடுமை. இறைச்சிக்காகக் கொல்வதைவிட இது மேலல்லவா என்ற வாதம் எனக்குப் பாதிதான் நிறைவளிக்கிறது. சமயத் தடையை அந்த அளவுக்குப் பெரிதாக நான் நினைக்கவில்லை. உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் விலக்கு உண்டு என்று இஸ்லாமிய அறிஞர்கள் பலர் கூறியிருக்கிறார்கள். யூதச் சட்டம் தடுப்பது உண்பதை. பன்றி வால்வும், பன்றிக் குடலிலிருந்து எடுக்கும் ஹெப்பாரினும் நம் மருத்துவமனைகளில் பல காலமாகப் புழங்குபவை.

பன்றி வரப்போகிறதே என்று மனித தானத்தைத் தளர்த்திவிடக் கூடாது. இந்தியாவில் பத்து லட்சம் பேருக்கு ஒருவர்கூட மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு தருவதில்லை. தமிழ்நாடு 2008 முதல் முறையான திட்டம் நடத்தி முன்னே நிற்கிறது. கொடையாளர் உடலுக்கு அரசு மரியாதை என்ற அறிவிப்பும் 2023இல் வந்தது. இந்த ஏற்பாட்டின் மீதுதான் நாளைய எந்தப் புதுச் சிகிச்சையும் நிற்க முடியும்.

கருத்தரங்கிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். விலங்கு உறுப்பை மனிதருக்குப் பொருத்துவது பற்றி ஒரு வரைவு நெறிமுறையை நாளை மாலைக்குள் எழுதி, ஒன்றிய, மாநிலச் சுகாதாரத் துறைகளுக்கு அனுப்ப வேண்டும். கண்காணிப்புக்கும் இழப்பீட்டுக்கும் யார் பொறுப்பு என்பது அதில் பெயர் சொல்லி இருக்கட்டும். இரண்டாவது, கட்டுரையாளர்களுக்கு: உங்கள் ஆய்வில் எதிர்பார்த்தபடி வராத முடிவு ஏதேனும் இருந்தால், அதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளாமல் முதலில் வாசியுங்கள். அதற்காகக் கூடுதலாகும் நேரத்தை என் நன்றியுரையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.